பேரிங் போன பாட்டு

என் தொழில் என்னவென்று திருநெல்வேலியில் யாரிடமும் ஒரே மூச்சில் சொல்லிப் புரியவைத்ததில்லை. மியூசிக் என்றால் "எந்தப் படத்துக்கு?" என்பார்கள். படத்துக்கு இல்லை என்றதும் முகம் வாடிவிடும். இண்டஸ்ட்ரியல் ராக் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்த மாமா ஒருவர் இலையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார், "அதுல பொழைக்க முடியுமாவே?" எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதைவிட நேர்மையான கேள்வியை இதுவரை எந்தப் பேட்டியிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

புரியும்படியே சொல்லிவிடுகிறேன். கிரஷரில் கல் நொறுங்கும் சத்தம், லேத்தில் இரும்பு சீவப்படும் சத்தம், ரயில் ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது தூண் அதிரும் சத்தம், இவற்றையெல்லாம் போய்ப் பதிவு செய்துகொண்டு வருவேன். அவற்றை வெட்டி, ஒட்டி, தாளமாக்கி, மேலே கிதாரை எவ்வளவு கரகரப்பாக்க முடியுமோ அவ்வளவு கரகரப்பாக்கி, அதற்கும் மேலே நானே கத்துவேன். காதுக்கு இனிமை என்பது அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கக் கூடாது.

என்ஜினியரிங் படிக்கும்போது மூன்று பேராகச் சேர்ந்து ஆரம்பித்தோம். கல்லூரி விழாவில் ஒரு தகர டிரம்மை மேடையில் உருட்டிவிட்டு அடித்தோம். இரண்டாவது பாட்டிலேயே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். அதையே பெரிய வெற்றியாக எடுத்துக்கொள்கிற வயது. அப்புறம் சென்னை. சில வருஷங்கள் ஒரு ஸ்டுடியோவில் மற்றவர்களுடைய குரலிலிருந்து எச்சில் சத்தத்தையும் மூச்சுச் சத்தத்தையும் சுத்தம் செய்தேன். டிரம்ஸ் அடித்தவன் துபாய்க்குப் போனான். பேஸ் கிதார்க்காரன் வங்கித் தேர்வு எழுதிப் பாஸாகி, இப்போது கோட்டு போட்டுக்கொண்டு கடன் கொடுக்கிறான். நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அப்பாவையும் அம்மாவையும் சேரன்மகாதேவிப் பக்கத்து ஊரிலிருந்து பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்துவிட்டோம். வாடகை வீட்டின் பின்னால் பழைய உரக் குடோன் ஒன்று இருந்தது. அதைத்தான் ஸ்டுடியோ ஆக்கினேன். சுவர் முழுக்கக் கண்ணாடிப் பஞ்சு அடைத்து, அதன்மேல் பத்தமடைக் கோரைப்பாயை இழுத்து அடித்தேன். சென்னையில் வெளிநாட்டு நுரை ஒட்டுவார்கள். பாயும் மோசமில்லை, எதிரொலியைக் குடித்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் அறை முழுக்கக் கல்யாண மண்டபம் மாதிரி வாசம் வரும்.

வயிற்றுப்பாட்டுக்கு வருகிறதையெல்லாம் பதிவு செய்தேன். காலையில் அம்மன் பாட்டு, மதியம் கர்த்தர் பாட்டு, சாயங்காலம் ஆட்டோவில் போடுகிற ஜவுளிக்கடை விளம்பரம். எல்லாம் முடிந்தபிறகு என்னுடைய இரும்பை எடுத்து வைத்துக்கொள்வேன். அப்படித்தான் ஒரு ஆல்பம் முடித்து இணையத்தில் ஏற்றினேன். போலந்திலிருந்து ஒருத்தர் பாராட்டி எழுதினார். உள்ளூரில் எனக்கு ஒரே ஒரு ரசிகன், சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற என் பள்ளிக்கூடக் கூட்டாளி. அவனும் ரசித்தானா என்றால் இல்லை. கோயில் கொடைகளில் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் அடுக்கியதும், எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க என் ஆல்பத்தின் முதல் பாட்டைப் போடுவான். "ஒன் பாட்டுலதான் மக்கா, கீழ உள்ள சத்தம், மேல உள்ள சத்தம் எல்லாம் இருக்கு. எந்தப் பெட்டி செத்துருக்குன்னு ஒடனே தெரிஞ்சிரும்" என்றான். ஒரு கலைஞனுக்குக் கிடைத்த பாராட்டு.

அந்த முதல் பாட்டின் அடித்தளம் எங்கள் ஊர் அரிசி மில். அப்பா வேலைக்காலம் முழுக்க அங்கே மெஷின் ஓட்டினார். மோட்டாரிலிருந்து அரைக்கிற மெஷினுக்குப் போகும் நீளமான பெல்ட்டில் ஒரு ஒட்டு இருக்கும். அந்த ஒட்டு சக்கரத்தின்மேல் வரும்போதெல்லாம் தட் என்று அடிக்கும். சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கோடு போய் நிற்கும்போது கேட்ட அந்தத் தட்டை, மில்லை மூடும் முன்பே போய்ப் பதிவு செய்து வைத்திருந்தேன். அதைத்தான் சுருதியைக் கீழே இறக்கி, தடிமனாக்கினேன். ஒரு வாரம் அதிலேயே கிடந்தேன். எந்த மண்டபத்தில் போட்டாலும் சுவரைத் தாண்டி நெஞ்சில் இடிக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி.

பாட்டு முடிந்ததும் அப்பாவை ஸ்டுடியோவில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"பேரிங் போயிருச்சுலே" என்றார்.

"எப்பா, அது வேணும்னே வச்ச சத்தம்."

"வேணும்னு வச்சியா? மாத்தச் சொல்லுலே. மோட்டாரு கருகிரும்."

கதவோரம் நின்ற அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் கழித்து.

அப்பாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவர் எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயிலின் சாமிகொண்டாடி. கொடை விழாவில் கச்சையும் சலங்கையும் கட்டி நிற்பவர் அவர். மேளம் அடித்து அழைத்தால் சாமி அவர்மேல்தான் வரும். கேட்டு வாங்குகிற பதவியில்லை அது. யார்மேல் வருவது என்பதைச் சாமிதான் முடிவு செய்யும். வீட்டில் பூனைமாதிரி நடக்கும் மனிதர், கச்சை கட்டிவிட்டால் வல்லயம் என்கிற ஈட்டியை ஊன்றிக்கொண்டு அதட்டுகிற அதட்டலில் ஊரே ஒடுங்கும். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வேன். அம்மாவும் பார்க்க மாட்டாள், தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆடி முடிந்து சாமி மலையேறியதும், அதாவது சாமி அவரை விட்டுப் போனதும், திருநீற்றை உதறிக்கொண்டு எழுந்து, ஒரு கலர் சோடா வாங்கித் தரச் சொல்வார். அதைக் குடிக்கும்போதுதான் அவர் என் அப்பா என்பது எனக்கு நிச்சயமாகும்.

நெஞ்சுவலிக்கு ஸ்டென்ட் வைத்த டாக்டர், இதயத்தில் பாதிக்குமேல் பலவீனம் என்றார். பாரம் தூக்கக் கூடாது, வேகமாக நடக்கக் கூடாது, கோபப்படக் கூடாது. சாமியாடுவதைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டுமா? அம்மா அப்பாவின் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த கொடைக்குச் சித்தப்பா கச்சை கட்டி நின்றார். நையாண்டி மேளக்காரர்கள் கன்னம் வீங்க ஊதினார்கள், கை சிவக்க அடித்தார்கள். சித்தப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். சாமி வரவில்லை. அதற்கடுத்த கொடையிலும் வரவில்லை. ஊரில் ஒரு மாடு செத்தது, ஒருத்தர் வீட்டுக் கல்யாணம் நின்றது, எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்தது. அப்பா பந்தலில் ஒரு ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மில்லை மூடியபோதுகூட அவர் முகம் அப்படிச் சுண்டவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் உள்ளூர நிம்மதி. சாமி வராவிட்டால் அப்பா இருப்பார். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மூன்றாவது கொடை. மதியப் பூசை நேரம். பூசாரி கற்பூரத் தட்டோடு தயாராக நிற்கிறார். சித்தப்பா கச்சை கட்டி நிற்கிறார். மேளக்காரர்கள் பூசாரியின் கண்ணசைவுக்குக் காத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. என் கூட்டாளி ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டான். பெட்டிகளில் உயிர் வந்துவிட்டதா என்று பார்க்க எப்போதும் செய்வதைத்தான் செய்தான். என் பாட்டைத் தட்டிவிட்டான்.

அந்தப் பாட்டின் தொடக்கத்தில் சத்தம் கிட்டத்தட்டக் கிடையாது. ஒரு பெல்ட் ஓட ஆரம்பிக்கும் உஸ்ஸென்ற ஒலி மட்டும், எங்கோ தூரத்தில். அவன் பெட்டி வேலை செய்யவில்லை என்று நினைத்து, வால்யூமை முழுக்கத் திருகி வைத்துவிட்டு, வயரைப் பார்க்கப் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டான்.

நான் பந்தலின் மறுகோடியில் பானக்கரம் ஊற்றிக்கொண்டிருந்தேன். முதல் தட் விழுந்தபோது கையிலிருந்த தம்ளர் அதிர்ந்தது. பூசாரி அதையே மேளத்தின் அழைப்பு என்று எடுத்துக்கொண்டு தட்டை உயர்த்தி மணியை ஆட்டினார். பெண்கள் குலவையிட்டார்கள். எல்லோரும் சித்தப்பாவையே பார்த்தார்கள். அவர் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கவிழும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

அப்பா எழுந்துவிட்டார்.

அந்த உடம்பில் அவ்வளவு வேகம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. சித்தப்பாவின் கையிலிருந்த வல்லயத்தைப் பிடுங்கினார். பெல்ட் தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் குதிகால் தரையில் விழுந்தது. என் கிதார் கரகரத்தபோது தலை சுழன்றது. நான் கத்துகிற இடத்தில் அவரும் கத்தினார். ஊர் முழுக்கக் கையெடுத்துக் கும்பிட்டது, பாதிப் பேர் அழுதார்கள். அம்மா மட்டும் என்னைப் பார்த்து, "நிப்பாட்டுலே! எய்யா, நிப்பாட்டு!" என்று அலறினாள்.

சவுண்ட் மிக்சர் இருந்த மேஜைக்கு ஓடினேன். கையை வைக்கும் முன்னால் கூட்டாளி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவன் முகமே வெளுத்துப் போயிருந்தது.

"கையை எடுலே. இடையில அறுத்தா சாமி உள்ளேயே நின்னுக்கிடும். ஒங்கப்பா தாங்க மாட்டாரு."

நான் சாமி நம்பிக்கை உள்ளவன் இல்லை. அதை வீட்டிலும் சொல்லியிருக்கிறேன், பாட்டிலும் கத்தியிருக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் என் கை நகரவில்லை. டாக்டர் சொன்னதை வைத்துப் பார்த்தால், ஆடினால் இதயம் நின்றுவிடும். நிறுத்தினால் உயிர் நின்றுவிடும் என்கிறது ஊர். இதில் எது பொய் என்று அப்பாவை வைத்தா சோதித்துப் பார்ப்பது? இதற்குள் பாட்டு முடியும் இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. முடிந்தால் திடீரென்று ஒரு மௌனம் வரும். அதுவும் அறுப்பதுதான். மறுபடி ஓடும்படி வைத்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். இரண்டாம் சுற்றில் கீழ்ச்சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். அடியிலிருந்து கனத்தை எடுத்துவிட்டால் பாட்டு காற்றுப்போல ஆகிவிடும். மேளக்காரர்களில் பம்பை வாசிக்கும் அண்ணாச்சி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நான் குறைக்கக் குறைக்க அதே தாளத்தை அவர் பம்பையில் எடுத்தார். நான் இறங்கினேன், அவர் ஏறினார். கடைசியில் என் பாட்டு இல்லை, பம்பை மட்டும் இருந்தது. அவர் அதைப் பைய இழுத்து, மெதுவாக்கி, சாமியை இறக்கினார். அப்பா சித்தப்பாவின் தோளில் சரிந்தார். பூசாரி அவர் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினார். "மலையேறிட்டான்" என்று யாரோ சொன்னார்கள். அப்பா கலர் கேட்கவில்லை. உதடு நீலமாக இருந்தது.

காரில் பாளையங்கோட்டை வரும்வரை அம்மா அப்பாவின் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன செய்தார் என்று கேட்டார்கள். "ஓடுனாரு" என்றாள் அம்மா. ஐ.சி.யூ.வில் என்னை உள்ளே விட்டபோது மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நெஞ்சுவலிக்குப் பிறகு நான் அவர் முகத்தில் பார்த்ததே இல்லை.

"வந்துட்டான்லே" என்றார். "ரெண்டு கொடையா வராதவன் வந்துட்டான்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, கையைக் காட்டி என்னைக் குனியச் சொன்னார். "அந்தப் பேரிங்கை மாத்திராத, என்ன?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுதேன்.

அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்தார். இதயம் இன்னும் குறைந்துவிட்டது என்றார் டாக்டர். இன்னொரு தடவை தாங்காது என்று படம் போட்டுக் காட்டினார். அதற்குள் கொடையில் யாரோ செல்போனில் எடுத்த வீடியோ ஊர் ஊராகப் போய்விட்டது. அடுத்த ஊரில் அந்தப் பாட்டைப் போட்டார்கள், அங்கேயும் சாமி வந்ததாம். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? திருச்செந்தூர் ரோட்டில் போகிற லோடு ஆட்டோவில் கேட்டேன், வண்ணார்பேட்டையில் ஒரு செல்போன் கடையில் கேட்டேன். "சுடலை பீட்டு" என்று பேர் வைத்திருந்தார்கள். இத்தனை வருஷம் கத்தியும் கிடைக்காத ரசிகர்கள் எனக்கு ஜில்லா முழுக்கக் கிடைத்தார்கள். அதைச் செய்தவன் நான் என்று ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இணையத்திலிருந்து ஆல்பத்தை எடுத்தேன். போலந்துக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டு எழுதினார், பதில் போடவில்லை. கூட்டாளியிடம் சொல்லி அவனிடமிருந்ததை அழிக்கச் சொன்னேன். அவனும் என் கண்முன்னால் அழித்தான். "நான் அழிச்சா மட்டும் ஆச்சா மக்கா? எல்லாப் பயகிட்டயும் இருக்கு" என்றான். சவுண்ட் சர்வீஸ்காரர்கள் சிலருக்குப் போன் செய்து, இது என் பாட்டு, தயவுசெய்து போடாதீர்கள் என்று கேட்டேன். ஒருத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாமி பாட்டை ஒம்ம பாட்டுங்கீரு. வாயைக் கழுவும்வே" என்று வைத்துவிட்டார். கோபம் தலைக்கேறியது. யார்மேல் காட்டுவது? கோபத்தையெல்லாம் முன்பு பாட்டில்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பழத்தட்டு வைத்து, மரியாதையாகத்தான் பேசினார்கள். அப்பா ஆட வேண்டாம், வந்து உட்கார்ந்தாலே போதும் என்றார்கள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா அடுக்களை வாசலில் நின்று, "அவரு வரமாட்டாரு. நீங்க காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றாள். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பழத்தட்டைப் பார்த்தார். "வரல" என்றார் கடைசியில். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு எவ்வளவு மூச்சு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் எங்கள் ஊரில் மட்டுமா கொடை? ஆடி மாதம் பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு நடக்கிறது. எங்கள் தெரு முனையிலும் ஒரு மாடன் உண்டு. காப்புக் கட்டிய அன்றே பெட்டிகளை இறக்கினார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஆள் உயரம். கொடையன்று மதியம் சாப்பிட்டதும் அப்பாவையும் அம்மாவையும் ஸ்டுடியோவுக்குள் கூட்டிவந்துவிட்டேன். ஏ.சி.யைப் போட்டேன். கதவு இரண்டு, இரண்டிலும் ரப்பர் பட்டை. மூடியதும் தெருவின் குலவை, பட்டாசு, எல்லாம் நின்றுபோனது. அம்மா பெருமூச்சு விட்டாள். அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார்.

"இங்கன நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நினைப்பை நம்புகிற தொழில் இல்லை என்னுடையது. பாயும் பஞ்சும் கதவும் மேல்சத்தத்தைத்தான் தடுக்கும். கீழ்ச்சத்தம் காற்றில் மட்டும் வருவதில்லை. தரையில் வரும், சுவரில் வரும், அதற்குக் கதவு தேவையில்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் ஒரு வாரம் உட்கார்ந்து அந்தத் தட்டை அவ்வளவு கீழே இறக்கினேன்.

முதலில் என் உள்ளங்காலுக்குத்தான் தெரிந்தது. மேஜையில் இருந்த தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது. அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காலின் பெருவிரல் அசைந்தது. பிறகு பாதம். தட். தட்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் கத்தவில்லை.

"நீ போட்ட சத்தம்தானே எய்யா" என்றாள். "நிப்பாட்டேன்."

நான் தரையில் உட்கார்ந்து அப்பாவின் இரண்டு பாதங்களையும் பிடித்து அழுத்தினேன். எனக்குச் செய்ய வேறொன்றும் இல்லை.

"பைய புடிலே, வலிக்கு" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. முகத்தில் ஐ.சி.யூ.வில் பார்த்த அதே சிரிப்பு.

நான் கையை எடுக்கவில்லை. என் இரண்டு கைகளுக்குள்ளும் அவருடைய கால் தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டே இருந்தது.